மெட்ராஸில் சிக்கிய ஐந்து சிறுகோள்கள்

நெய்வேலியில் முழு இருட்டு கிடைப்பது கஷ்டம். ஒரு பக்கம் அனல்மின் நிலைய விளக்குகள்; இன்னொரு பக்கம் ராத்திரியிலும் மண் வெட்டும் சுரங்கத்தின் வெளிச்சம். டவுன்ஷிப் மொட்டை மாடியிலிருந்து சிறுகோள் தேடப்போகிறேன் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். அவற்றின் பாதையை ஆராய்வதற்கோ ஒரு லேப்டாப் போதும்.

நாசாவின் ஜெட் புரபல்ஷன் லேபரட்டரி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்களின் சுற்றுப்பாதைக் கணக்கை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அத்தனையையும் இறக்கிவிட்டு மலைத்துப்போய் உட்கார வேண்டாம். நம்ம ஊர்க்காரர்களிடமிருந்து தொடங்கலாம்: சிறுகோள் எண் 67, 80, 87, 107, 245. ஐந்துமே மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861-க்கும் 1885-க்கும் இடையே கண்டுபிடித்தவை. முதலாவதன் பெயர் ஏசியா. ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் ஆயிற்றே! மற்றவை வரிசையாக சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா.

நாசா அட்டவணையில் 'ஏ' (a) என்றிருப்பது அரை நெட்டச்சு, அதாவது சூரியனிலிருந்து சராசரித் தொலைவு. பூமிக்கு அது 1. சாஃபோவுக்கு 2.30, ஏசியாவுக்கு 2.42, வேராவுக்குச் சுமார் 3.1, சில்வியாவுக்கு 3.48, கமில்லாவுக்கு 3.49. பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த கெப்ளர் மூன்றாம் விதியை இங்கே போட்டுப் பாருங்கள். 3.48-ஐ மும்மடி ஆக்கினால் 42.14, அதன் வர்க்கமூலம் 6.49. சில்வியா சூரியனை ஒருமுறை சுற்ற ஆறரை ஆண்டு. அட்டவணையும் அதையேதான் சொல்கிறது.

அடுத்து, சில ஆயிரம் சிறுகோள்களின் 'ஏ' மதிப்பை எக்செல்லில் வரைபடமாக்கினால், 2.5-லும் 3.28-லும் பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரியும். 2.5-ல் சுற்றும் பொருள், வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள் மூன்று சுற்று முடிக்கும், 3.28-ல் இரண்டு. வியாழனின் இழுப்பு திரும்பத் திரும்ப ஒரே விதமாக விழுவதால் அங்கே எதுவும் நிலைப்பதில்லை. டேனியல் கிர்க்வுட் 1866-ல் இதைக் கண்டுகொண்டபோது, தெரிந்திருந்த சிறுகோள்கள் நூறுகூட இல்லை. எனக்கு வியப்பு அதில்தான்.

அதே 1866 மே மாதம்தான் போக்சன் கண்ணில் சில்வியா பட்டது. இரண்டரை வருஷம் கழித்து கமில்லா. இரண்டும் 3.28 இடைவெளிக்கு அப்பால், கிட்டத்தட்ட ஒரே தொலைவில் சுற்றுகின்றன. இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு நிலாக்கள் உண்டு என்பது இந்த நூற்றாண்டில்தான் தெரியவந்தது. போக்சன் பார்த்தது நகரும் புள்ளியை மட்டுமே.

போக்சனுக்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் இந்தியாவிலிருந்து புதிய சிறுகோள் எதுவும் இல்லை. 1988 பிப்ரவரியில் ஜவ்வாது மலையின் காவலூரிலிருந்து ஆர். ராஜமோகன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ராமானுஜன் என்று பெயர், எண் 4130. அது அந்த இடைவெளிகளுக்கு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை நீங்களே தட்டிப் பாருங்கள்.