மழைக்குப் பயப்படும் ஊர்

மேகம் கறுத்தால் லே நகரத்துப் பெரியவர்களின் கவலை வயலைப் பற்றியது அல்ல, வீட்டுக் கூரையைப் பற்றியது. பழைய வீடுகள் எல்லாமே வெயிலில் காயவைத்த பச்சைக்கல்லால் கட்டியவை. பாப்ளர் மர உத்தரங்களின் மேல் வில்லோ குச்சிகளை நெருக்கமாகப் பரப்பி, அதற்கு மேல் புல்லும் களிமண்ணும் கொட்டி, மிதித்துச் சமன் செய்த தட்டைக் கூரை. பனி விழுந்தால் மண்வாரியால் தள்ளிவிடலாம். மழை அப்படியல்ல, ஊறி உள்ளே இறங்கும். நல்லவேளையாக அது அங்கே அதிகம் பெய்வதில்லை. ஆண்டு முழுவதும் சேர்த்தே ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். தென்மேற்குப் பருவக்காற்றை இமயமலை அந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறது.

லடாக்கின் தலைநகரான லே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர்ப் பாலைவன ஊர். சமவெளியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே கிடைக்கும். விமானத்தில் வந்து இறங்குகிறவர்களிடம், இரண்டு நாள் படுத்து ஓய்வெடுத்துவிட்டு அப்புறம் ஊர் சுற்றுங்கள் என்று வழியெல்லாம் சொல்கிறார்கள். அதைக் கேட்காமல் முதல் நாளே கர்துங் லா கணவாய்க்குக் கிளம்பி, மாலையில் மருத்துவமனையில் போய்ப் படுப்பவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரத்தில் 30,870 பேர். ஊருக்குச் சற்றுத் தள்ளிச் சிந்து நதி ஓடுகிறது. ஆனால் ஆறு கீழே, ஊர் மேலே. மோட்டார் வருவதற்கு முன்பு அந்த ஆற்றால் லேயின் வயல்களுக்குப் பெரிய உபயோகம் எதுவும் இருந்ததில்லை.

ஊரை வாழவைத்தது ஒரு சின்ன ஓடை. கர்துங் லா பக்கத்து மலைப்பனி உருகி, கங்லேஸ், சங்கர் என்று இறங்கிவரும் அந்த ஓடையிலிருந்து தாய் வாய்க்கால்கள் பிரியும். அவற்றிலிருந்து கிளை வாய்க்கால்கள், பிறகு ஒவ்வொரு வயலின் மடை. பார்லி விதைக்கும் மே மாதத்தில்தான் தண்ணீர் அவசரமாகத் தேவை. பனியோ அப்போதுதான் மெல்ல உருகத் தொடங்கியிருக்கும். ஜூலையில் ஓடை பெருக்கெடுக்கும். அதற்குள் தாகத்தில் பயிர் கருகியிருந்தால் அந்தப் பெருக்கால் என்ன லாபம்? செப்டம்பருக்குள் அறுத்துக் களத்தில் சேர்த்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரே போகம்.

இந்த நெருக்கடியில் யாருக்கு எப்போது தண்ணீர் என்பதை முடிவு செய்ய ஊரார் ஓர் ஆளை நியமிப்பார்கள். அவருக்குச் சுர்பொன் என்று பெயர். நம் ஊர் ஏரிப்பாசனத்தின் நீர்க்கட்டியைப் போன்றவர். முறைவைத்து மாறிமாறி வரும் பொறுப்பு அது. கையில் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நடந்து, மடையில் கல்லையும் புல்கட்டியையும் வைத்து அடைப்பார், நேரம் வந்ததும் எடுத்துவிடுவார். இரவில் வரும் தண்ணீரைக் குளம்போல் தேக்கி, காலையில் திறப்பதும் உண்டு. முறை தவறித் திறந்தவர்மேல் அபராதம். சண்டை வராமல் இல்லை, நிறைய வரும். ஆனால் சண்டைக்குப் பிறகும் அடுத்த வாரம் அதே வாய்க்காலிலிருந்துதான் இருவரும் தண்ணீர் எடுத்தாக வேண்டும். லேயின் ‘ஒற்றுமை’யைப் பற்றி உருகி எழுதும் பயணக் கட்டுரைகள் இந்தக் கட்டாயத்தைச் சொல்வதில்லை. அங்கே ஒருவருக்கொருவர் உதவுவது நல்ல குணத்தால் மட்டும் வந்ததல்ல, வேறு வழியில்லாததாலும் வந்தது.

உழவுக்கும் அறுப்புக்கும் ஆளும் மாடும் மாற்றிக்கொள்வார்கள். ஆடு மேய்ப்பது வீட்டுக்கு வீடு முறை. இவற்றையெல்லாம்விட ஆழமான ஓர் ஏற்பாடு பஸ்புன். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் சில வீடுகளின் கூட்டம் அது. உறவினராக இருக்கவேண்டும் என்பதில்லை, பக்கத்து வீட்டாராகவும் இருக்கவேண்டியதில்லை. குழந்தை பிறந்தாலும், கல்யாணம் என்றாலும் பஸ்புன் வீட்டார் வந்து நிற்பார்கள். அதன் முழு அருமை தெரிவது சாவு வீட்டில்தான். இறந்தவரின் உடலைக் குடும்பத்தார் தொடுவதில்லை. உடலைக் கட்டி உட்காரவைப்பது, விறகு சேர்ப்பது, வருகிறவர்களுக்குச் சமைப்பது, லாமாக்களைக் கவனிப்பது என்று எல்லாமே பஸ்புன் பொறுப்பு. ஒவ்வொரு பஸ்புனுக்கும் சுடுகாட்டில் தனியாக ஓர் எரிமேடை உண்டு. மண்ணால் எழுப்பிய அடுப்பு மாதிரி, விறகு குறைவாகச் செலவாகும்படி கட்டியிருப்பார்கள். மரமே அபூர்வமான ஊர் அல்லவா? அழுகிற வேலை ஒன்றைத் தவிரக் குடும்பத்துக்கு வேறு வேலை வைக்காத இந்த ஏற்பாடு, அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிற யாரையும் கொஞ்சம் பொறாமைப்பட வைக்கும்.

இப்படி விவசாயத்தை மட்டும் வைத்து லேயைப் பார்த்தாலும் தப்பு. அது வியாபார ஊர். காஷ்மீருக்கும் மத்திய ஆசியாவின் யார்க்கந்துக்கும் நடுவே போய்வந்த வணிகக் கூட்டங்கள் இங்கேதான் சரக்கு மாற்றின. கடைத்தெரு அகலமாக இருப்பதற்குக் காரணம் அந்தக் கூட்டங்களின் குதிரைகளும் ஒட்டகங்களும்தான். தெருவின் தலைமாட்டில் 17ஆம் நூற்றாண்டு ஜாமா மசூதி. அதற்கு மேலே குன்றில், மன்னர் செங்கே நம்கியால் காலத்து ஒன்பது மாடி அரண்மனை. 1885இல் வந்த மொரேவியன் கிறித்தவ சபைக்கும் இங்கே தேவாலயம் உண்டு. யார்க்கந்திலிருந்து வந்த வணிகர்களுக்கும் லடாக்கிப் பெண்களுக்கும் பிறந்த வம்சத்தார் அர்கோன் என்ற பெயரில் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் பௌத்தரும் முஸ்லிமும் இருப்பது ஒரு காலத்தில் யாரையும் திரும்பிப் பார்க்க வைத்ததில்லை.

1989இல் அது உடைந்தது. லடாக் பௌத்த சங்கம் முஸ்லிம்களைச் சமூகப் புறக்கணிப்பு செய்யச் சொன்னது. முஸ்லிம் கடையில் வாங்கக்கூடாது, அவர்கள் வீட்டில் சாப்பிடக்கூடாது. 1992 வரை நீடித்த அந்தப் புறக்கணிப்பின் வடு இன்னும் மறையவில்லை. கலப்பு மணங்கள் அதற்குப் பிறகு பழைய மாதிரி இயல்பாக நடப்பதும் இல்லை.

இன்று கடைத்தெருவில் கூட்டம் சேர்வது நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம். சுற்றுக் கிராமங்களிலிருந்து காலையிலேயே வந்து, சாக்கை விரித்து டர்னிப், கேரட், பட்டாணி, கீரை, ஆப்ரிகாட் என்று சின்னச் சின்னக் குவியலாக வைத்திருப்பார்கள். “ஜூலே, ஆமாலே” என்று வணக்கம் சொல்லித்தான் பேரம் தொடங்கும். வெயில் நேரத்தில் கம்பளி நூற்றுக்கொண்டே விற்பார்கள். லேயில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது 1998இல். அதற்காகக் குரல் எழுப்பியது லடாக் பெண்கள் கூட்டமைப்பு. பெருநகரங்கள் அந்தப் பேச்சை எடுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு இது.

வெளியுலகம் லேவுக்குள் வந்தது முதலில் ராணுவத்தோடு. 1948இல் பாகிஸ்தானுடனான போர் நெருங்கியபோது, பொறியாளர் சோனம் நோர்புவின் மேற்பார்வையில் ஊரார் கையாலேயே விமான ஓடுதளத்தைச் சமன் செய்தார்கள். மே 24 அன்று விமானப்படையின் மெஹர் சிங் ஓட்டிவந்த டகோட்டா விமானம் அதில் இறங்கியது. அந்தப் பொறியாளர் பெயரில்தான் இன்று மாவட்ட மருத்துவமனை. அடுத்து வந்தது சுற்றுலா. 1974இல் வெளியாருக்கு வாசல் திறந்தபோது வந்தவர்கள் சில நூறு பேர். 2022இல் லடாக்குக்கு வந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். வயலை விற்று விடுதி கட்டினார்கள், அல்லது வயலிலேயே விடுதி கட்டினார்கள். அறுவடைக்குப் பக்கத்து வீட்டாருக்குப் பதில் பீகார், ஜார்க்கண்ட், நேபாளத் தொழிலாளர்கள் வருகிறார்கள். கூலி கொடுத்தால் போதும், பதிலுக்குப் போய் உழைக்கத் தேவையில்லை. சுர்பொன் இன்னும் இருக்கிறார். ஆனால் ஆழ்துளைக் கிணறு போட்டவருக்கு அவர் தயவு வேண்டியதில்லையே.

மாற்றத்தைப் புரிந்துகொள்ள ஒரு கழிப்பறையைப் பார்த்தாலே போதும். லடாக்கி வீட்டில் கழிப்பறை மாடியில் இருக்கும். தரையில் ஒரு துவாரம், மூலையில் மண்குவியல், ஒரு மண்வாரி. வேலை முடிந்ததும் இரண்டு வாரி மண்ணையும் சாம்பலையும் தள்ளிவிட்டால் ஆயிற்று. கீழறையில் சேர்ந்து மக்கியதை, குளிர்காலம் முடிந்ததும் அடிக்கதவு வழியாக அள்ளி வயலுக்குக் கொண்டுபோவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை, நாற்றமும் பெரிதாக இல்லை, உரத்துக்குக் காசும் இல்லை. பாலைவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை எந்தப் பொறியியல் கல்லூரியும் யோசித்திருக்க முடியாது. விருந்தினருக்கு இது பிடிக்காது என்பதால் விடுதிகளில் ஃப்ளஷ் வந்தது. ஒவ்வொரு முறையும் வாளித் தண்ணீர் போகிறது. அது குழியில் இறங்கி, எந்த நிலத்தடி நீரை மோட்டார் மேலே இழுக்கிறதோ அதிலேயே போய்ச் சேர்கிறது.

பெரியவர்கள் பயந்த மழை ஒரு நாள் வந்தேவிட்டது. 2010 ஆகஸ்டு 5ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி லேயில் மேகவெடிப்பு நிகழ்ந்தது. காய்ந்து கிடந்த ஓடைப்படுகைகளில் சேறும் பாறையும் உருண்டு வந்தன. பேருந்து நிலையம், மருத்துவமனை, தொலைபேசி நிலையம் எல்லாம் சேற்றில் மூழ்கின. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்டது பக்கத்திலிருக்கும் சோக்லம்சர். திபெத்திய அகதிகளும், மேய்ச்சலை விட்டுச் சாங்தாங் மேட்டுநிலத்திலிருந்து இறங்கி வந்தவர்களும் குடியேறி வேகமாக வளர்ந்த பகுதி அது. பழைய ஊர் குன்றின் சரிவில் இருந்தது. புதிய வீடுகள் தண்ணீர் வரும் வழியில் இருந்தன. மழையே பெய்யாத ஊரில் தண்ணீர் வரும் வழி எது என்று புதிதாக வருகிறவருக்கு யார் சொல்வது?

இன்னொரு பக்கம், வசந்தகாலத் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஊர்க்காரர்களே தீர்வு கண்டார்கள். அரசு ஊரக வளர்ச்சித் துறையில் பொறியாளராக இருந்த செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் திறந்துவிட்ட குழாயிலிருந்து வீணாக ஓடும் நீர், மர நிழலில் மட்டும் உறைந்து நிற்பதைக் கவனித்தார். மலையின் நிழல்பக்கத்தில் வரிசையாகக் கல்தடுப்புகள் கட்டி ஓடையை மெதுவாக ஓடவிட்டால் பனிக்கட்டி தானே சேரும் என்று கணக்குப் போட்டு, 1987இல் புக்சே கிராமத்தில் முதல் செயற்கைப் பனியாற்றை உருவாக்கினார். இன்னொரு லடாக்கிப் பொறியாளரான சோனம் வாங்சுக் 2013–14 குளிர்காலத்தில் அதை வேறு வடிவுக்குக் கொண்டுபோனார். மேட்டிலிருந்து குழாயில் வரும் ஓடைநீர் தன் அழுத்தத்திலேயே பீய்ச்சி எழும்பும். உறைகுளிரில் விழும்போதே கட்டியாகி, கோபுரம்போல் குவியும். கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் சமதளப் பனி கரைந்து போன பிறகும் இது விதைப்புக் காலம்வரை சொட்டிக்கொண்டிருக்கும். மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

வாங்சுக் பெயர் பிற்பாடு வேறு காரணத்துக்காகச் செய்தியானது. 2019 அக்டோபர் 31 அன்று லடாக், சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பிரதேசமானபோது லேயில் கொண்டாட்டம். காஷ்மீரிலிருந்து பிரிய வேண்டும் என்பது அவர்களுடைய பல்லாண்டுக் கோரிக்கை. கொஞ்ச நாளிலேயே பயம் வந்தது: நிலத்துக்கும் வேலைக்கும் இருந்த பாதுகாப்பு போய்விட்டது, இனி யார் வேண்டுமானாலும் வாங்கலாமே? மாநிலத் தகுதியும், பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கேட்டு, பௌத்த லேயும் ஷியா முஸ்லிம்கள் நிறைந்த கார்கிலும் ஒரே மேடைக்கு வந்தன. ஒருகாலத்தில் புறக்கணிப்பை அறிவித்த பௌத்த சங்கமும் அதில் உண்டு. 2025 செப்டம்பர் 24 அன்று லேயில் போராட்டம் வன்முறையில் முடிந்தது. துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்.

அக்டோபருக்குப் பிறகு விடுதிகள் குழாயில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் பூட்டிக்கொள்ளும். உறைந்தால் குழாய் வெடித்துவிடும். குடும்பம் முழுவதும் புகாரி அடுப்பு எரியும் அறைக்குள் வந்துவிடும். மண்ணுக்குள் தோண்டிய குழியில் முள்ளங்கியும் உருளைக்கிழங்கும் பத்திரமாக இருக்கும். டிசம்பர் வாக்கில் லோசர் புத்தாண்டு. திபெத்தியர்களுக்கு அது இரண்டு மாதம் கழித்துத்தான் வரும். போருக்குப் புறப்பட்ட மன்னர் ஜம்யங் நம்கியால், திரும்புவது நிச்சயமில்லை என்று முன்கூட்டியே கொண்டாடிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

பிறகு ஊரின் கவனம் முழுக்க ஐஸ் ஹாக்கியில். கர்சூ குளம் உறைந்ததும் பிள்ளைகள் சறுக்குக் காலணியோடு இறங்கிவிடுவார்கள். தொடக்கத்தில் ராணுவ வீரர்களின் பொழுதுபோக்காக இருந்த விளையாட்டு அது. பெண்களுக்கு முதலில் ஆண்கள் கழற்றிப்போட்ட கவசமும் மிச்ச நேரமும்தான் கிடைத்தன. இப்போது இந்தியப் பெண்கள் அணியில் பெரும்பாலோர் லடாக்கிகள். 2025 ஜூனில் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அல் ஐன் நகரத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் அவர்கள் வெண்கலம் வென்றார்கள். அல் ஐனும் ஒரு பாலைவன ஊர்தான். அங்கே மட்டும் பனிக்கட்டியை இயந்திரம் வைத்து உறையவைக்க வேண்டியிருந்தது.