பட்டு (சொல்)

பட்டு என்பது இந்திய மொழிகள் பலவற்றில் ஏறக்குறைய ஒரே ஒலிப்புடன் வழங்கி, மொழிக்கு மொழி வெவ்வேறு பொருள் தரும் ஒரு சிறு சொல் ஆகும்.

மொழிவாரியாகப் பொருள்கள்

தமிழிலும் மலையாளத்திலும் இது பட்டுத் துணியைக் குறிக்கும். காஞ்சிபுரம் பட்டு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தெலுங்கில் பட்டுத் துணி, பிடி ஆகிய இரண்டையும் குறிக்கும். கன்னடத்தில் பிடி, மற்போர்ப் பிடி, பிடிவாதம் முதலிய பொருள்களைத் தரும். துணிக்கு அங்கு 'ரேஷ்மெ' என்ற பாரசீக வழிச்சொல் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தின் குலு பகுதியில் பெண்கள் அணியும் கம்பளி ஆடை 'பட்டூ' எனப்படுகிறது.

ஊர்ப்பெயர்களில்

தமிழில் 'பட்டு' சிற்றூரையும் குறிக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்து முசரவாக்கத்தில் 'பாக்கம்' என்பது 'வாக்கம்' என நிற்பதுபோல, செங்கல்பட்டு, சேத்துப்பட்டு ஆகிய பெயர்களில் 'பட்டு' ஈறாக நிற்கிறது. இவ்வூர்ப்பெயர்களைக் கொண்டு அங்கு பட்டு நெய்யப்பட்டதாகக் கருதுதல் பொருந்தாது.

சொற்பிறப்பு

துணியைக் குறிக்கும் சொல் வடமொழியின் 'பட்ட' என்பதோடு தொடர்புடையது. பிடியைக் குறிக்கும் சொல் திராவிட மொழிகளுக்கு உரியது. தமிழில் அதன் இணை 'பற்று' ஆகும். தமிழின் 'ற்ற' தெலுங்கில் 'ட்ட' என நின்றதால், வேறுபட்ட இரு சொற்கள் ஒரே ஒலியைப் பெற்றன.

மொழிபெயர்ப்பில் கவனம்

'பட்டு ஹிடி' என்னும் கன்னடத் தொடருக்கு 'பட்டைப் பிடி' என்பது பொருளன்று. 'பிடிவாதமாக நில்' என்பதே பொருள். எனவே மொழிபெயர்ப்போர் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பாது, சொல் வரும் இடத்தையும் நோக்குதல் வேண்டும்.