ஐரோப்பியக் கோப்பையின் வாசற்படி

மே மாதத்தின் பிற்பகுதியில், இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ இத்தாலியிலோ உள்நாட்டு லீக் ஆட்டங்கள் நிறைவுறும் நாளன்று, பட்டியலில் நான்காவதாக வந்த ஒரு கழகத்தின் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் ஆரத் தழுவிக்கொள்வதையும், அதன் அபிமானிகள் ஆனந்தக் கண்ணீர் உகுப்பதையும் காண்கிறவர்கள், முதலிடம் பெற்றவர்களுக்கல்லவா இந்தக் குதூகலம் உரியது, நான்காம் இடத்துக்கு இத்தனை ஆரவாரம் எதற்கு என்று வியப்படையக் கூடும். அந்த இடத்தோடு, அடுத்த பருவத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த கழகங்களை எதிர்த்து ஆடும் யோக்கியதையும் சேர்ந்து வருகிறது என்று அறிந்தால் வியப்பு நீங்கிவிடும். சாம்பியன்ஸ் லீக் என்று இன்று வழங்கும் அப்போட்டியின் பிரதான கட்டத்தில் 2024-25 பருவத்தில் பிரவேசித்த ஒவ்வொரு கழகத்துக்கும், ஓர் ஆட்டத்தில்கூட வெற்றி காண்பதற்கு முன்னரே, ஏறத்தாழ 1 கோடியே 86 லட்சம் யூரோ உறுதியாயிற்று. பொருளும் புகழும் ஒருங்கே வந்து சேரும் அந்த வாசலை யார், எவ்வழியாக, எந்த நியாயத்தின்படி கடக்கிறார்கள் என்பது கால்பந்தில் ஈடுபாடு இல்லாதவர்களும் அறிந்துகொள்ளத் தக்க விஷயம். ஏனெனில், தகுதியை எதைக் கொண்டு அளப்பது, இவ்வாண்டின் உழைப்பைக் கொண்டா, முன்னோர் ஈட்டிய கீர்த்தியைக் கொண்டா என்னும் பழைய வழக்கு அந்த வாசலில் எழுபது ஆண்டுகளாக நடந்து வருகிறது.

போட்டி பிறந்ததே ஒரு வாதத்தின் பயனாகத்தான். 1954ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் கழகம், புஷ்காஷ் முதலிய மகாவீரர்களைக் கொண்ட ஹங்கேரியின் ஹோன்வேத் கழகத்தை 3-2 என்ற கணக்கில் வென்றபோது, ஆங்கிலப் பத்திரிகைகள் அக்கழகத்தை உலகத்துக்கே சாம்பியன் என்று புகழ்ந்தன. பாரிஸ் நகரத்து லெக்கிப் பத்திரிகையைச் சேர்ந்தவரும் முன்னாள் ஆட்டக்காரருமான காப்ரியேல் அனோ, சொந்த மண்ணில் பெற்ற ஒரு வெற்றியைக் கொண்டு அவ்விதம் தீர்ப்புக் கூறலாகாது என்றும், பல நாட்டுக் கழகங்களும் பங்குகொள்ளும் ஒரு போட்டி வேண்டும் என்றும் வாதிட்டார். அந்த வாதம் வென்று, 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. ஆயினும் அம்முதற் போட்டியில் கலந்துகொண்ட 16 கழகங்களைப் பொறுக்கியெடுத்தது அந்தப் பத்திரிகையே. ஆகையால், ஸ்காட்லாந்தின் லீக்கில் ஐந்தாவதாக வந்திருந்த ஹைபர்னியன் கழகத்துக்கும் அழைப்புக் கிடைத்தது. இங்கிலாந்தின் சாம்பியனாகிய செல்சியோ, தன் நாட்டு லீக் நிர்வாகத்தினர் விரும்பாமையால் விலகிக்கொள்ள நேர்ந்தது. மறு ஆண்டில் அந்த நிர்வாகத்தின் அதிருப்தியைப் பொருட்படுத்தாது மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை ஐரோப்பாவுக்கு இட்டுச் சென்ற மாட் பஸ்பியின் துணிவுக்கு ஆங்கிலக் கால்பந்து பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது.

அதன் பின்னர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலம் விதி மிக எளியதாக இருந்தது: நாட்டுக்கு ஒரு சாம்பியன், அவர்களோடு, கோப்பையைக் கையில் வைத்திருக்கும் சென்ற ஆண்டின் வெற்றியாளர். பெரிய நாடென்றும் சிறிய நாடென்றும் பேதமில்லை. தொலைக்காட்சியின் வருமானம் பெருகப் பெருக இந்த எளிமை நிலைக்கவில்லை. 1992இல் போட்டி சாம்பியன்ஸ் லீக் என்று நாமகரணம் செய்யப்பெற்றது. 1994 முதல் மூன்று பருவங்கள் சிறு நாடுகளின் சாம்பியன்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, வேறொரு போட்டிக்கு அனுப்பப்பட்டனர். 1997இல் அவர்களுக்குக் கதவு மீண்டும் திறக்கப்பட்டபோது, முன்னணியில் நின்ற எட்டு நாடுகளின் இரண்டாம் இடத்தாரும் உடன் நுழைந்தனர். 1999 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த இறுதியாட்டத்தில் கடைசி நிமிஷங்களில் இரு கோல்கள் அடித்துக் கோப்பையை வென்ற மான்செஸ்டர் யுனைடெட், தோற்ற பாயர்ன் மியூனிக் ஆகிய இரு கழகங்களுமே முந்திய ஆண்டில் தத்தம் நாட்டில் இரண்டாமிடம் பெற்றவை என்பதை நினைக்கும்போது, சாம்பியன்களின் போட்டி என்ற பெயர் எவ்வளவு விரைவில் தன் மூலப் பொருளிலிருந்து விலகிவிட்டது என்பது புலனாகும். அவ்வாண்டின் இலையுதிர்காலத்திலிருந்து பெரிய நாடுகளுக்கு நான்கு இடங்கள்வரை கிடைக்கலாயின.

இன்றைய ஏற்பாட்டை ஒருவாறு கூறுகிறேன். 2024-25 முதல் பிரதான கட்டத்தில் 36 கழகங்கள் ஆடுகின்றன. ஐரோப்பிய தரவரிசையில் முதல் நான்கு நாடுகளுக்கு நாட்டுக்கு நான்காக 16 இடங்கள். ஐந்தாம் நாட்டுக்கு மூன்று. ஆறாம் நாட்டுக்கு இரண்டு. ஏழு முதல் பத்து வரையுள்ள நாடுகளின் சாம்பியன்களுக்கு ஒவ்வொன்று. சாம்பியன்ஸ் லீக்கை வென்ற கழகத்துக்கும், அதற்கு அடுத்த படியிலுள்ள யூரோப்பா லீக்கை வென்ற கழகத்துக்கும் தனித்தனியே ஓரிடம் உண்டு. முந்திய பருவத்தில் ஐரோப்பியப் போட்டிகளில் மிகச் சிறப்பாக ஆடிய இரு நாடுகளுக்குக் கூடுதலாக ஓரோர் இடம் தருகிறார்கள்; அவ்வகையில்தான் 2024இல் இத்தாலியின் போலோன்யாவும் ஜெர்மனியின் டோர்ட்மண்டும், 2025இல் இங்கிலாந்தின் நியூகாசிலும் ஸ்பெயினின் வியாரியாலும், தம் நாட்டில் ஐந்தாமிடமே பெற்றிருந்தும், உள்ளே வந்தன. எஞ்சிய ஏழு இடங்கள் கோடைகாலத் தகுதிச் சுற்றுகளின் வாயிலாக நிரப்பப்படுகின்றன. அவற்றுள் ஐந்து, நேரடி இடம் கிடைக்காத நாடுகளின் சாம்பியன்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. இரண்டு, சாம்பியன் அல்லாத கழகங்களுக்கு உரியவை.

நாடுகளின் தரவரிசை எவ்வாறு பிறக்கிறது? ஒரு நாட்டின் கழகங்கள் மூன்று ஐரோப்பியப் போட்டிகளிலும் பெறும் வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி. தகுதிச் சுற்றுகளில் இவற்றிற் பாதி. முன்னேறிச் செல்பவர்களுக்கு மேற்கொண்டு சில ஊக்கப் புள்ளிகள். இப்புள்ளிகளின் கூட்டுத்தொகையை, அந்நாட்டிலிருந்து அவ்வாண்டு கலந்துகொண்ட கழகங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அவ்விதம் ஐந்து ஆண்டுகளுக்குக் கிட்டியவற்றை ஒன்றாகக் கூட்டுகிறார்கள். ஆகவே, ஒரு கழகம் தூர தேசத்து மைதானமொன்றில் அடிக்கும் ஒரு கோல், உள்நாட்டில் அதற்குப் பரம வைரியாக உள்ள மற்றொரு கழகத்துக்குக்கூடப் பின்னொரு நாளில் வழி திறந்துவிடக் கூடும். இப்படி ஒருவர் தேடியதில் பலருக்குப் பங்கு கிடைப்பது இந்த முறையின் குணம். முன்பே பல இடங்கள் பெற்ற நாடு, அவ்விடங்களால் செல்வம் பெருக்கி, அச்செல்வத்தால் மேலும் புள்ளிகள் சேர்த்துக்கொள்வது இதன் குறை.

சிறு நாட்டுச் சாம்பியன் நடக்க வேண்டிய பாதை எத்தகையது என்பதை அறிய விரும்புவோர், கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்துக் கைராட் கழகம் 2025ஆம் ஆண்டுக் கோடையில் செய்த பயணத்தைப் பார்க்க வேண்டும். ஜூலை மாதத்திலேயே, முதல் தகுதிச் சுற்றின் அடிப்படியிலிருந்து அக்கழகம் புறப்பட்டது. ஸ்லோவேனியாவின் ஒலிம்பியாவை வென்றது. பின்லாந்தின் குப்ஸ் கழகத்திடம் முதல் ஆட்டத்தில் 0-2 என்று தோற்றும், மறு ஆட்டத்தில் 3-0 என்று மீண்டது. ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவான் கழகத்தைப் பெனால்டி உதைகளில் விலக்கியது. கடைசிச் சுற்றில் அதற்கு எதிரே நின்றது, 1967இலேயே ஐரோப்பியக் கோப்பையை வென்று அந்தக் கௌரவத்தைப் பிரிட்டனுக்கு முதன்முதலாகக் கொணர்ந்த கிளாஸ்கோவின் செல்டிக். இரண்டு ஆட்டங்களிலும் எவரும் கோல் அடிக்கவில்லை. பெனால்டி உதைகளில் கைராட் வென்றது. செப்டம்பர் 30ஆம் தேதி, பதினைந்து முறை கோப்பையை வென்ற ரியல் மாட்ரிட், தியான்ஷான் மலையடிவாரத்திலுள்ள அந்த நகரத்துக்கு வந்து ஆடி 5-0 என்று வென்று சென்றது. அந்தத் தோல்வியால் கைராட்டின் சாதனை குறைந்துவிடவில்லை. உலகப் புகழ் பெற்ற அக்கழகத்தை அல்மாட்டி மக்கள் தம் ஊர் மைதானத்தில் எதிராளியாகக் காணும்படி செய்தது எவருடைய தயவும் அன்று. நான்கு சுற்றுகளில் எட்டு ஆட்டங்கள் ஆடி ஈட்டிய உரிமை அது.

கோப்பையை வென்றவருக்கு அடுத்த ஆண்டு நுழைவு உண்டா என்னும் கேள்வியும் எளிதில் தீர்ந்ததன்று. 2005 மே மாதம் இஸ்தான்புல் நகரில், மிலான் கழகத்துக்கு மூன்று கோல்கள் பின்தங்கியிருந்து, அவற்றைச் சமன்செய்து, பெனால்டி உதைகளில் வென்ற லிவர்பூல், உள்நாட்டு லீக்கில் ஐந்தாவதாகவே வந்திருந்தது. நான்காமிடம் அதே ஊரின் எவர்ட்டன் கழகத்துக்குச் சென்றிருந்தது. எவர்ட்டனின் நியாயத்தைப் பறிக்காமலும் வெற்றியாளரைக் கைவிடாமலும், ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் லிவர்பூலை முதல் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கும்படி விசேஷ அனுமதி கொடுத்தது. ஐரோப்பிய சாம்பியன்கள் ஜூலையில் வேல்ஸ் நாட்டின் சிறு கழகமொன்றோடு ஆடித் தம் பயணத்தை ஆரம்பித்தனர். பின்னர் வெற்றியாளருக்கு இடம் உறுதிசெய்யப்பட்டது. எனினும் நாட்டுக்கு நான்குக்கு மேல் இல்லை என்ற வரம்பு நீடித்தமையால், 2012இல் ஆறாமிடம் பெற்ற செல்சி கோப்பையை வென்றவுடன், நான்காமிடம் பெற்றிருந்த டாட்டன்ஹாம் வெளியே தள்ளப்பட்டது. விதிகள் மாறின, யூரோப்பா லீக்கை வென்றவருக்கும் இடமுண்டு என்றாயிற்று. 2025 மே மாதம் பில்பாவோ நகரில் நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில், இங்கிலாந்து லீக்கின் 20 கழகங்களில் பதினேழாவதாக வந்த அதே டாட்டன்ஹாம், பதினைந்தாவதாக வந்த மான்செஸ்டர் யுனைடெட்டை ஒரு கோலால் வென்று சாம்பியன்ஸ் லீக்கினுள் நுழைந்தது. தோற்றவருக்கு எந்த ஐரோப்பியப் போட்டியிலும் இடமில்லாது போயிற்று. நான்காமிடத்தில் வந்து உரிமை இழந்ததும், பதினேழாமிடத்தில் வந்து உரிமை பெற்றதும் ஒரே கழகத்தின் வரலாற்றில் நிகழ்ந்திருப்பது, விதி எழுதுகிறவர்கள் எத்தனை நியாயங்களை ஒரே தராசில் நிறுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

மைதானத்தில் வென்றால் மட்டும் போதாது என்பதும் உண்மை. கணக்கு வழக்குகள் ஒழுங்காயிருப்பதற்குச் சான்றாக உரிமம் பெறுதல் வேண்டும். ஒரே உடைமையாளரின் தீர்மானமான செல்வாக்குக்கு உட்பட்ட இரு கழகங்கள் ஒரே போட்டியில் மோதலாகாது. 2025இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்று, தன் வரலாற்றில் முதல் பெரிய விருதைப் பெற்ற கிரிஸ்டல் பேலஸ், பிரான்ஸின் லியோன் கழகத்தோடு உடைமைத் தொடர்பு இருந்த காரணத்தால், யூரோப்பா லீக்கிலிருந்து அதற்கும் கீழான கான்பரன்ஸ் லீக்குக்கு இறக்கப்பட்டது. விளையாட்டு நடுவர் மன்றமும் அதன் முறையீட்டை ஏற்கவில்லை. அபிமானிகளின் வேதனை மிகப் பெரியது. எனினும், முடிவுகளில் ஐயம் புகாமல் காக்கும் அந்த விதி, எல்லாக் கழகத்தாருக்கும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டியதே.

இவ்விதிகளெல்லாம் வேண்டாம், வாசலே வேண்டாம் என்ற குரலும் ஒரு சமயம் எழுந்தது. 2020இல் யுவெண்டஸ் கழகத்தின் தலைவராயிருந்த அந்திரேயா ஆன்யெல்லி, சர்வதேசச் சரித்திரம் இல்லாத அட்டலாண்டா கழகம் ஒரே ஒரு நல்ல பருவத்தின் பலத்தால் சாம்பியன்ஸ் லீக்கில் இடம்பெறுவது சரிதானா என்று பகிரங்கமாக வினவினார். மறு ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி, யுவெண்டஸ் உள்ளிட்ட 12 பெருங்கழகங்கள் சூப்பர் லீக் என்னும் தனிப் போட்டியை அறிவித்தன: அதில் ஆடும் 20 கழகங்களில் ஸ்தாபகர்களாக அமையவிருந்த 15 கழகங்களுக்கு நிரந்தர இடம், தோற்றாலும் கடைசியில் வந்தாலும் அந்த இடம் போகாது. கோயில் முதல் மரியாதையைப் பரம்பரை மிராசாக வைத்துக்கொள்வதைப் போன்ற அந்த ஏற்பாட்டை அபிமானிகள் ஏற்கவில்லை. தங்கள் கழகத்துக்கே லாபம் தரும் ஏற்பாடு என்று தெரிந்தும் செல்சியின் அபிமானிகள் வீதியில் திரண்டு எதிர்த்தார்கள். இரண்டே நாட்களில் ஆங்கிலக் கழகங்கள் ஆறும் பின்வாங்கின. பழம்பெருமைக்காக இரண்டு இடங்கள் ஒதுக்கலாம் என்று ஐரோப்பியச் சங்கம் வகுத்திருந்த யோசனையும் 2022இல் கைவிடப்பட்டது. சரித்திரம் இல்லாதது என்று சொல்லப்பட்ட அட்டலாண்டா, 2024இல் யூரோப்பா லீக்கை வென்று தன் சரித்திரத்தைத் தானே எழுதிக்கொண்டது.

ஆகவே, விதிகளின் சிக்கலைக் கண்டு சலிப்படைவோருக்கு நான் கூறுவது இது: ஒவ்வொரு விதியையும், கடந்த பருவத்தில் நன்றாக ஆடியவரை அது உள்ளே விடுகிறதா என்ற ஒரே உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். அந்த உரைகல்லில் இன்றைய ஏற்பாடு முற்றும் தேறிவிடவில்லை. நான்கு நாடுகளுக்கு 16 இடங்கள் நிச்சயமாயிருக்க, நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் சாம்பியன்கள் ஐந்தே இடங்களுக்குப் போராடுவது சமநீதி ஆகாது; செல்வ நாட்டின் நான்காமிடத்தாருக்குக் கொடுத்ததில் ஒன்றிரண்டையேனும் அவர்களுக்கு மீட்டுத் தருவதே, சாம்பியன்கள் என்ற சொல்லைப் பெயரில் தாங்கியிருக்கும் ஒரு போட்டிக்குத் தகும். ஆயினும், அந்த ஐந்து இடங்கள் இருக்கும்வரை, எந்தச் சிறு நாட்டின் எந்தச் சிறு கழகமும் ஜூலை மாதத்தில் நம்பிக்கையோடு புறப்படலாம். எந்தப் பெருங்கழகமும் தன் பழம்புகழைக் காட்டி ஆண்டுதோறும் இடம் பெற்றுவிட முடியாது. இந்த இரண்டும் ஒருங்கே நிலைபெறும் அளவுக்குத்தான் ஐரோப்பியக் கோப்பைக்கு மதிப்பு உண்டு.