விமான நிலையத்து விடுதியும் விளையாட்டரங்கமும்

பெரிய விளையாட்டுப் பந்தயங்களைக் காண வெளியூர் செல்பவர்கள் முதலில் கவலைப்படுவது நுழைவுச் சீட்டைப் பற்றி. அடுத்துக் கவலைப்படுவது விமானச் சீட்டைப் பற்றி. தங்குமிடத்தைப் பற்றிய கவலை மூன்றாவதாகத்தான் வருகிறது. அதற்குள் நகரத்து விடுதிகள் பெரும்பாலும் நிரம்பிவிடுகின்றன. நிரம்பாதவை கேட்கும் வாடகையோ தலையைச் சுற்றவைக்கிறது. அப்பொழுதுதான் ஒருவருக்கு அந்த யோசனை உதிக்கிறது: "போவதும் விமானத்தில், திரும்புவதும் விமானத்தில், விமான நிலையத்துக்கு அருகிலேயே தங்கிவிட்டால் என்ன?"

யோசனை நல்லதா, கெட்டதா என்றால், ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எந்த நகரம், எந்த அரங்கம், ஆட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்பவற்றைப் பொறுத்து விடை மாறும். எங்ஙனம் மாறுகிறது என்பதைத்தான் இப்பொழுது பார்க்கப் போகிறோம்.

என் நண்பர் ஒருவர் கல்லூரி ஆசிரியர். கிரிக்கெட் என்றால் உயிர். வடநாட்டு நகரம் ஒன்றில் நடந்த ஆட்டத்தைக் காணச் சென்றார். அவர் தேர்ந்தெடுத்த விடுதியின் பெயரிலேயே 'ஏர்போர்ட்' என்னும் சொல் இருந்தது. அதை நம்பி அறை எடுத்தார். சாளரத்தைத் திறந்தால் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்கு விருந்தாக இருந்தனவாம். ஆனால் விடுதி ஓடுபாதைக்கு அப்புறத்தில் இருந்தது. பயணிகள் ஏறும் கட்டடமோ இப்புறத்தில். ஓடுபாதையைக் குறுக்கே கடக்க யாருக்கு அனுமதி உண்டு? மதிலைச் சுற்றிக்கொண்டு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கண்ணுக்கு எட்டியது காலுக்கு எட்டவில்லை என்று சொல்லி இப்பொழுது அவர் சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை, விமானத்தைத் தவறவிட்டுவிட்டார்.

விமான நிலையம் என்பது ரயில் நிலையத்தைப் போன்ற ஒரு கட்டடம் அன்று. அது ஒரு நிலப்பரப்பு. பாரிஸ் நகருக்கு வடகிழக்கே ருவாசி என்னும் ஊரில் 1974ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சார்ல் தெ கோல் விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 32 சதுர கிலோமீட்டர். பாரிஸ் நகரத்தின் பரப்பே ஏறக்குறைய 105 சதுர கிலோமீட்டர்தான். நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள ஓர் இடத்துக்கு 'அருகில்' என்று ஒரு விடுதி தன்னை விளம்பரம் செய்துகொண்டால், அச்சொல்லுக்குப் பொருள் என்ன? எந்தப் பயணிகள் கட்டடத்துக்கு அருகில், எந்த வாகனத்தில் எத்தனை நிமிடம் என்று கேட்டுப் பெற்றால்தான் பொருள் உண்டாகும்.

இவ்விடுதிகளை வாழவைப்பவர்கள் விளையாட்டு ரசிகர்கள் அல்லர். விமானிகளும் விமானப் பணியாளர்களும், அலுவல் நிமித்தமாக வந்து ஓரிரவு தங்கிச் செல்பவர்களும், நள்ளிரவில் இறங்கி விடியற்காலையில் வேறு விமானம் ஏறுபவர்களுமே இவற்றின் வழக்கமான விருந்தினர். ஆகையால் சனி, ஞாயிறுகளிலும் கோடை விடுமுறையிலும் நகரத்து விடுதிகள் விலையேறும் வேளையில் இவற்றின் வாடகை சில சமயம் மலிவாகவே இருப்பதுண்டு. இது ரசிகனுக்குச் சாதகம். பாதகமும் ஒன்று உண்டு. புயலோ பனியோ வேலைநிறுத்தமோ காரணமாக விமானங்கள் நின்றுவிட்டால், விமானக் கம்பெனிகள் தம் பயணிகளைத் தங்கவைப்பது இவ்விடுதிகளில்தான். காலையில் காலியாக இருந்த அறைகள் மாலையில் மறைந்துவிடும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பதிவின்றிச் செல்வது ஆகாது.

இனிப் பாரிஸ் நகரத்து விளையாட்டரங்கத்தைப் பார்ப்போம். 'ஸ்தாத் தெ பிரான்ஸ்' என்னும் அந்தப் பேரரங்கம் 1998ஆம் ஆண்டு உலகக் கால்பந்துப் போட்டிக்காகக் கட்டப்பட்டது. சுமார் 80,000 பேர் அமரலாம். அது பாரிஸ் நகருக்குள் இல்லை. வடக்கே சான் தெனி என்னும் புறநகரில் இருக்கிறது. தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு பாருங்கள். வடகிழக்கே விமான நிலையம், தெற்கே நகரம், இரண்டுக்கும் இடையே அரங்கம். விமான நிலையத்திலிருந்து நகருக்கு ஓடும் ஆர்.இ.ஆர். 'பி' என்னும் ரயில் வழி அரங்கத்தின் பக்கத்திலேயே செல்கிறது. 1927ஆம் ஆண்டு லிண்ட்பர்க் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியாகப் பறந்து கடந்து வந்து இறங்கிய லெ பூர்ஜே இவ்வழியில் ஒரு நிலையம். அதைக் கடந்து சிறிது தூரம் சென்றால், நகரத்தின் பெரிய நிலையமாகிய கார் து நோருக்கு முந்திய நிலையமாக லா பிளேன் வருகிறது. அங்கே இறங்கி அரங்கத்துக்கு நடந்தே செல்லலாம்.

ஆக, இந்த அரங்கத்தைப் பொறுத்தவரை விமான நிலையத்து விடுதி ஓர் ஒதுக்குப்புறம் அன்று. ஒரே ரயிலில், மாறாமல், சென்றடையத்தக்க இடம். நகரின் தென்கோடியில் அதிக வாடகை கொடுத்துத் தங்கியவனை விட ருவாசியில் தங்கியவனுக்கு வழி எளிது. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. இவ்வழியில் இருவகை ரயில்கள் ஓடுகின்றன. ஒன்று விமான நிலையத்திலிருந்து புறப்பட்டால் இடையில் எங்கும் நில்லாமல் கார் து நோருக்கே போய்விடும். மற்றொன்று எல்லா நிலையங்களிலும் நிற்கும். அவசரத்தில் விரைவு ரயிலில் ஏறியவன், அரங்கத்தின் வெண்ணிறக் கூரை சாளரத்துக்கு வெளியே பின்னோக்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நகரத்துக்குப் போய்ச் சேருவான். அங்கிருந்து திரும்பி வரவேண்டும். வேகமான வண்டியே நல்ல வண்டி என்னும் நம் நம்பிக்கை இங்கே பலிப்பதில்லை.

2024ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்களில் ஆகஸ்டு 8ஆம் தேதியை நம் நாட்டு ரசிகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று பகலில் ஹாக்கியில் இந்தியா ஸ்பெயினை 2-1 என்ற கணக்கில் வென்று வெண்கலம் பெற்றது. அன்று இரவே ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி பெற்றார். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். இரண்டையும் நேரில் காண விரும்பிய ஒரு மாணவன் ருவாசியில் தங்கியிருந்தான் என்று கற்பனை செய்துகொள்வோம். ஹாக்கி நடந்த இடம் பாரிஸுக்கு வடமேற்கே கொலோம்ப் என்னும் புறநகர். விமான நிலையத்திலிருந்து அங்கே செல்ல, நகருக்குள் வந்து வேறு ரயில் மாறி, மீண்டும் நகருக்கு வெளியே போகவேண்டும். ஈட்டி எறிதலுக்கு உகந்த விடுதி ஹாக்கிக்கு உகந்ததன்று. ஒலிம்பிக் பந்தயங்கள் ஓர் ஊர் முழுவதும் சிதறிக் கிடப்பவை. சறுக்கலைப் பயிற்சி என்னும் கடலலை விளையாட்டு பசிபிக் சமுத்திரத்துத் தஹீத்தித் தீவிலேயே நடந்தது! எனவே 'பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு எங்கே தங்கலாம்' என்று கேட்பதில் பயனில்லை. எந்த ஆட்டத்துக்கு என்று கேட்கவேண்டும்.

அந்த மாணவனுடைய இரவை இன்னும் சிறிது தொடர்வோம். அரங்கத்தில் நிகழ்ச்சிகள் முடிய இரவு 10 மணியை ஒட்டிவிடும். எண்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே வருகிறார்கள். வாயிலைக் கடந்து, ரயில் நிலையத்தில் நின்று, வண்டியில் ஏற ஒரு மணி நேரம் என்று கணக்கிடுங்கள். ரயிலில் அரை மணி. விமான நிலையத்து ரயிலடியில் இறங்கியபின் அங்கிருந்து விடுதிக்குச் செல்லவேண்டும். கட்டடங்களை இணைக்கும் சிறு ரயில் ஒன்று அங்கே கட்டணமின்றி ஓடுகிறது; அதன் வழியில் உள்ள விடுதியானால் நல்லது. ஊருக்குள் இருக்கும் விடுதியானால் விடுதியின் பேருந்து வரவேண்டும். அது இரவில் எத்தனை மணி வரை ஓடும் என்று முன்னரே கேட்டவர் எத்தனை பேர்? நகரத்து ரயில்களும் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடுகின்றன. பராமரிப்பு வேலைக்காக இரவில் இன்னும் முன்னதாகவே ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவதும் உண்டு. அரங்கத்துக்குப் போகும் தூரத்தை எல்லோரும் விசாரிக்கிறார்கள். விசாரிக்கவேண்டியது திரும்பி வரும் நேரம். போகும்போது பகல், கூட்டம் சிறிது சிறிதாகச் சேரும். திரும்பும்போது இரவு, கூட்டம் ஒரே வெள்ளமாகப் பாயும்.

ஒரே ரயில் வழியை நம்பியிருப்பதில் அபாயமும் உண்டு. 2022ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி இதே அரங்கத்தில் ஐரோப்பியச் சாம்பியன் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் லிவர்பூல், ரியல் மாட்ரிட் குழுக்களிடையே நடந்தது. அன்று ஆர்.இ.ஆர். 'பி' வழியில் வேலைநிறுத்தம். அவ்வழியில் வந்திருக்கவேண்டிய கூட்டத்தில் பெரும்பகுதி 'டி' என்னும் வழிக்குத் திரும்பியது. அந்தப் பக்கத்து நுழைவழியில் நெரிசல் பெருகியது. கண்ணீர்ப் புகையும் பாய்ந்தது. ஆட்டம் 36 நிமிடம் தாமதமாகத் தொடங்கிற்று. முறையான சீட்டு வைத்திருந்தவர்களும் வெளியே தவித்தார்கள். நெரிசலுக்கு ரயில் ஒன்றே காரணம் என்று சொல்வது முறையாகாது; ஏற்பாட்டாளர்களின் குறைகளையும் விசாரணைகள் சுட்டிக்காட்டின. எனினும், விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டாவது வழி ஒன்று உண்டா என்று பார்த்துக்கொள்ள அந்த இரவு போதிய காரணம். பாரிஸுக்குத் தெற்கே உள்ள ஓர்லி விமான நிலையத்திலிருந்து சான் தெனிக்கு நேராகச் செல்லும்படி மெட்ரோவின் 14ஆம் வழி 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீட்டப்பட்டது. அதற்குப் பின் ஓர்லியில் தங்குவதும் ஒரு நல்ல யோசனையாகிவிட்டது. ஓர்லியில் இரவு பதினொன்றரை மணி முதல் காலை 6 மணி வரை விமானங்கள் இயங்குவதில்லை என்பதால் உறக்கமும் கெடாது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். வாடகையில் மிச்சமானதை ரயில் கட்டணம் விழுங்கிவிடக் கூடும். 2024 ஒலிம்பிக் சமயத்தில் விமான நிலையத்துக்கு ஒருவழிச் சீட்டு 16 யூரோ. போய் வர 32. அதே சமயத்தில் பாரிஸ் வட்டாரம் முழுவதும், விமான நிலையம் உட்பட, ஒரு நாள் முழுதும் பயணம் செய்ய விற்கப்பட்ட அனுமதிச் சீட்டும் 16 யூரோதான்! ஏழு நாளுக்கு 70 யூரோ. அறிவிப்பைப் படித்தவன் பாதி விலையில் பயணம் செய்தான்.

நம் நாட்டு நிலைமை வேறு. 2023ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய அகமதாபாத் அரங்கம் விமான நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. சபர்மதி ஆற்றின் இக்கரையில் ஒன்று, அக்கரையில் ஒன்று. ஆனால் மெட்ரோ ரயில் அப்பொழுது அரங்கத்தை எட்டியிருந்தது. விமான நிலையத்தை எட்டவில்லை. ஆகவே, தொலைவில் நகருக்குள்ளே ரயிலடிக்கு அருகில் தங்கியவன் அமைதியாகச் சென்றான். பக்கத்தில் தங்கியவன் சாலை நெரிசலில் டாக்ஸிக்குக் காத்திருந்தான். அறைகளுக்கு ஏற்பட்ட கிராக்கியில், உடல் பரிசோதனை என்று சொல்லி மருத்துவமனைப் படுக்கைகளுக்குச் சிலர் பதிவு செய்ய முயன்றதாகவும் அந்நாளில் பத்திரிகைகள் எழுதின.

அந்த ஆட்டத்தில் இன்னொரு சங்கடமும் நேர்ந்தது. ஜூன் மாதம் வெளியான அட்டவணையில் ஆட்டம் அக்டோபர் 15 என்றிருந்தது. மறுநாளே பல ரசிகர்கள் விமானமும் அறையும் பதிவு செய்தார்கள். அன்று நவராத்திரி தொடங்குவதால் ஆகஸ்டு மாதத்தில் தேதி 14 என மாற்றப்பட்டது. பணம் திரும்பப் பெறும் நிபந்தனையுடன் பதிவு செய்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள். சிறிது மலிவு என்று திரும்பப் பெறாத பதிவைச் செய்தவர்கள் இழந்தார்கள். முன்னே சொன்ன 2022 கால்பந்து இறுதி ஆட்டமும் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் நடப்பதாக இருந்தது. போர் மூண்டதால் மூன்று மாதத்துக்கு முன்தான் பாரிஸுக்கு மாற்றப்பட்டது. தேதி மட்டுமன்று, தேசமே மாறலாம்!

என்னைக் கேட்டால், பயணம் முழுவதும் விமான நிலையத்தில் தங்குவதை விட, கடைசி இரவு ஒன்றை மட்டும் அங்கே கழிப்பது பெரும்பாலான நகரங்களில் பொருத்தமானது என்பேன். மற்ற இரவுகளில் அரங்கத்து ரயில் வழியில் தங்கலாம். ஆட்டம் இரவிலும் விமானம் விடியற்காலையிலும் அமைந்துவிட்டால் அந்தக் கடைசி இரவின் வாடகை வீண்போகாது. ஆனால் அறையைப் பதிவு செய்யுமுன் ஒரு செய்தியை உறுதி செய்துகொள்ளுங்கள். சில விமான நிலையங்களில் குடிநுழைவுச் சோதனைக்கு உட்புறமாகவே விடுதிகள் உள்ளன. அவை விமானம் மாறுபவர்களுக்கானவை. மறுநாள் பயணத்துக்குரிய சீட்டுடன் சோதனையைக் கடந்தவர்க்கே அங்கே இடம். அரங்கத்திலிருந்து இரவில் வந்து கதவைத் தட்ட முடியாது. பதிவு செய்யும் பக்கத்தில் இது சிறிய எழுத்தில் இருக்கும். ஐயமானால் விடுதிக்கே தொலைபேசியில் பேசி, இரவு 12 மணிக்கு மேல் வந்தால் அறை கிடைக்குமா, விடியற்காலை 4 மணிக்குப் பயணிகள் கட்டடத்துக்கு வண்டி உண்டா என்னும் இரண்டையும் கேட்டு, பதில் சொன்னவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.