பாரிசில் கிடைத்த புள்ளி

ஓவியர் எஸ்.எச்.ரஸா பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிசுக்குக் கப்பலேறியது 1950-ல். அப்போது அவருக்கு வயது 28. மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டக் காட்டோரத்தில் வனத்துறை ஊழியரின் மகனாக வளர்ந்தவர். போன இடத்தில் வரைந்ததெல்லாம் பிரெஞ்சுக் கிராமங்கள், வீடுகள், தேவாலயங்கள். 1956-ல் பாரிஸ் விமர்சகர்களின் பரிசும் வாங்கினார்.

அவருக்கே அது போதவில்லை. எழுபதுகளில் அடிக்கடி இந்தியா வந்து சுற்றினார். சிறுவயதில் பாடத்தில் மனம் ஒட்டாத தன்னை, ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்ன கதையை ரஸா பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் புள்ளி ‘பிந்து’வாகித் திரையில் ஏற ஏறக்குறைய முப்பதாண்டுப் பாரிஸ் வாசம் தேவைப்பட்டது. 1981-ல் வரைந்த ‘மா’ ஓவியத்தில் தேவநாகரி எழுத்தில் இந்திக் கவிதை வரியே இருக்கிறது. மண்ட்லாவிலேயே இருந்திருந்தால் அந்தப் புள்ளியை மறந்தே போயிருப்பார்!

அவருடைய ஓவிய நண்பர் எஃப்.என்.சூசா 1949-லேயே லண்டன் போய்விட்டார். அங்கே போயும் கோவாவின் கத்தோலிக்கம் அவரை விடவில்லை. சிலுவையும் புனிதர்களும் கோபத்தோடு வந்தபடி இருந்தார்கள். சென்னையில் பயின்று, சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விஸ்வநாதன் 1968 முதல் பாரிஸ்வாசி. அவரோ இந்தியக் கடற்கரைகளில் மணல் திரட்டப் புறப்பட்டார்.

ஊரை விட்டுப் போனவருக்கே ஊர் பெரிதாகத் தெரிகிறது என்பதுவரை சரி. உறுத்துவது வேறு. பிரெஞ்சுக்காரர் வட்டம் போட்டால் வடிவியல். இந்தியர் போட்டால் உடனே தத்துவம், தாந்திரிகம். படத்தின் கீழே ஒட்டும் சீட்டில் பிறந்த ஊரைப் படித்த பிறகுதான் பலருக்குப் படமே கண்ணில் படுகிறது. வெளிநாட்டில் குடியேறும் இந்திய இளைஞர் போக்குவரத்து நெரிசலையோ தன் வாடகை அறையையோ வரைந்தால், ‘இதில் இந்தியா எங்கே?’ என்ற கேள்வி வரும். கோவிலும் புடவையும் மஞ்சளும் எட்டிப்பார்த்தால் கேள்வி வராது. உள்ளூரில் இருக்கும் ஓவியரிடம் யாரும் இப்படி அடையாள அட்டை கேட்பதில்லை.

கலைக்கு ஊரேது என்பவர்களும் உண்டு. இருக்கலாம். ஏல விற்பனைப் பட்டியலுக்கு ஊர் இருக்கிறதே!

ரஸா 2010-ன் இறுதியில் டெல்லி திரும்பி, 2016-ல் மறைந்தார். அவர் பெயரைச் சொன்னாலே பிந்துதான் பேசப்படுகிறது. ஐம்பதுகளில் அவர் தீட்டிய பிரெஞ்சுக் கிராமங்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அந்தச் சீட்டை மட்டும் கடைசியில் படியுங்கள்.