நம் தெரு இத்தாலிய உணவகம்

இத்தாலிய உணவு என்றதும் நட்சத்திர விடுதியும் நீண்ட பில்லும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. இன்று பெங்களூருவின் இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் குடும்பத்துடன் நடந்தே சென்று உண்டு திரும்பத்தக்க சிறு இத்தாலிய உணவகங்கள் உள்ளன. இத்தாலியில் இத்தகைய எளிய உணவகத்தை டிராட்டோரியா என்பர். நம் ஊர் மெஸ்ஸுக்கு அது ஏறக்குறைய உறவு.

இவற்றின் செலவுக் கணக்கில் நம் கண் முதலில் செல்வது சீஸின் மீதுதான். புதிய மொசரெல்லா சில நாள்களே தாங்கும்; விமானத்தில் வரவழைத்தால் விலை ஏறிவிடும். இக்குறையைப் போக்கியோருள் பெங்களூருப் புறநகரில் வாழும் வல்லம்ப்ரோசா துறவியர் குறிப்பிடத்தக்கவர். 11ஆம் நூற்றாண்டில் பிளாரன்ஸ் நகருக்கு அருகே தோன்றிய பெனடிக்ட் மரபுச் சபை அவர்களுடையது. பாலைத் திரையச் செய்து, அக்கட்டியை வெந்நீரில் இட்டு இழுத்துப் பிசைந்தால் மொசரெல்லா. எஞ்சும் நீரைக் காய்ச்சினால் ரிக்கோட்டா. துணைப்பொருள் என்று வணிகவியல் வகுப்பில் நாம் படித்ததற்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு இல்லை. நகரின் உணவகங்கள் பலவும் இவர்களிடம் சீஸ் வாங்குகின்றன.

ஆயினும் உரிமையாளரின் சுமை முற்றும் நீங்கிவிடவில்லை. இத்தகைய தனி உணவகங்கள் பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி வசூலிக்கின்றன. உள்ளீட்டு வரி வரவு அவற்றுக்குக் கிடையாது. சீஸுக்கும் அடுப்புக்கும் கடை வாடகைக்கும் செலுத்திய வரி அடக்கவிலையிலேயே சேர்ந்துவிடும். உணவகம் தொடங்கக் கடன் கேட்டு வருவோரின் திட்ட அறிக்கையில் பெரும்பாலும் விடுபட்டிருக்கும் வரி இதுவே.