வண்டியில் ஏறும் முன் ஒரு புல்லட் எஞ்சின்

போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, எஞ்சினை வண்டியில் ஏற்றி, டேங்க் மாட்டி, ஒயரிங்கும் முடித்துக் கிக்கரை உதைத்த பிறகுதான் ராக்கருக்கு ஆயில் ஏறவில்லை என்று தெரிகிறது. அத்தனையையும் திரும்பக் கழற்ற வேண்டும். அதற்குள் உள்ளே எது தேய்ந்ததோ! இந்தத் துயரத்தைத் தவிர்க்கத்தான் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் எஞ்சினை முதலில் ஸ்டாண்டில் வைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள்.

தேனி அல்லிநகரத்துப் பட்டறை ஒன்றில் இதைச் செய்ய, பழைய 350 புல்லட்டைப்போல் வசதியான எஞ்சின் கிடையாது. 1950-களில் இந்திய ராணுவம் நூற்றுக்கணக்கில் புல்லட்டுகள் கேட்டது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. அந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சின் அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே தயாரானது.

வசதிக்குக் காரணம் அதன் அமைப்பு. கியர்பாக்ஸ் தனிப்பெட்டிதான், ஆனால் கிராங்க்கேஸின் பின்புறத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். இறக்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கிக்கர் கியர்பாக்ஸில் இருப்பதால், பிரைமரி செயினும் கிளட்சும் மாட்டியிருந்தால் ஸ்டாண்டிலேயே உதைக்கலாம். ஆயிலுக்கும் தனி டேங்க் இல்லை. கிராங்க்கேஸுக்குள்ளேயே அதற்கு அறை உண்டு. பழைய டிரையம்ஃப், பிஎஸ்ஏ வண்டிகளில் வெளி ஆயில் டேங்க்கையும் குழாய்களையும் கொண்டுவந்து இணைக்க வேண்டும். மைசூரில் தயாரான யெஸ்டி டூ-ஸ்ட்ரோக் என்பதால், அதற்குப் பெட்ரோலில் கலந்த ஆயிலே போதும்.

ஸ்டாண்ட் கனமாக இருக்க வேண்டும், தரையோடு இறுகியிருக்க வேண்டும். ஒற்றை சிலிண்டரின் உதறல் லேசுப்பட்டதல்ல. கார்புரேட்டருக்கு மேலே ஒரு சிறு பாட்டிலில் பெட்ரோல், ஒரு பேட்டரி, காயில், பெண்ட் பைப். பக்கத்தில் மணல் வாளி. கதவு திறந்திருக்கட்டும், மூடிய அறையில் புகை ஆளைக் கொல்லும்.

நெருப்புக்கு முன்னால் ஆயில். இதைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். டைமிங் கவருக்குள் இரண்டு சின்ன பம்புகள் இருக்கின்றன. ஒன்று ஆயிலைக் கொடுக்கிறது, மற்றது திருப்பி எடுக்கிறது. கிராங்க்கின் நுனி வழியாகத்தான் கனெக்டிங் ராடின் பிக் எண்டுக்கு ஆயில் போகிறது. பழைய புல்லட்டில் அந்த இடத்தில் மிதவைப் புஷ். ஆயில் படலம் இல்லாமல் சுழன்றால் அது சீக்கிரமே பாழாகும். கேஸ்கெட் துளை ஒன்று விலகியிருந்தாலும் வழி அடைபடும். ஆகவே கவரை மூடும் முன் ஆயில் கேனால் கிராங்க் துளைக்குள் ஆயில் விட வேண்டும்; பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டுப் பல முறை கிக்கரை மிதித்து பம்பை நிரப்ப வேண்டும்.

அடுத்து டைமிங். பாயிண்ட் திறக்க வேண்டியது, பிஸ்டன் உச்சியைத் தொட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது. முந்தித் திறந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போகும். ஸ்டாண்டிலும் அம்மீட்டரை இணைத்துக்கொள்வது நல்லது. கிக்கரை மெல்ல அழுத்தினால் பாயிண்ட் திறக்கும் இடத்தில் முள் நடுவுக்கு வரும். அங்கே டீகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனைச் சற்றே உச்சி தாண்டவிட்டு, லிவரை விட்டு, முழு மூச்சாக ஓர் உதை.

பிடித்துவிட்டதா? சத்தத்தில் மயங்காமல் உடனே ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் பான்ஜோ போல்ட்டைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும். ஆயில் கசிந்தால் நிம்மதி. கசியவில்லையென்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஆரம்பத்து நீலப்புகை, கட்டும்போது தடவிய ஆயில் எரிவது. அது குறைய வேண்டும். குறையாவிட்டால் ரிங்கையோ வால்வு கைடையோ சந்தேகிக்கலாம். ஓடும் வண்டிக்குக் கிடைக்கும் காற்று இங்கே கிடையாது. ஒரு ஃபேன் வைத்தாலும் ஓரிரு நிமிடமே போதும். ஆறிய பிறகு டேப்பட்டைச் சரிபார்க்க வேண்டும்: புஷ்ராடு விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

ஸ்டாண்டில் மணிக்கணக்கில் ஓட்டினால் ரிங் படிந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. ரிங் சிலிண்டரோடு படியச் சுமை வேண்டும், சாலை வேண்டும். அதற்குக் கம்பம் பள்ளத்தாக்கு நன்றாகவே உதவும்: அல்லிநகரத்திலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் இல்லாத சாலை. வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இடையிடையே எஞ்சினை ஆறவிட்டுப் போய் வரலாம். போடிமெட்டு ஏற்றம் ரன்னிங்-இன் முடிந்த பிறகுதான்.